அண்ணன் கை

மாஸ்டர் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம்தான் சின்னவர் அந்தக் கையை அளந்தார்.

சாப்பாட்டை முடித்த கையோடு தம்பி சின்னவரின் சுருட்டுக் கடைக்கு வந்து, பின்னறைத் தோல் நாற்காலியில் அரை மணி நேரம் கண்ணயர்வது மாஸ்டருக்கு இருபது வருஷத்து வழக்கம். அன்றும் அப்படித்தான். வலது கை நாற்காலியின் கைப்பிடி மேல், உள்ளங்கை விரிந்து, மல்லாந்து கிடந்தது. சின்னவர் பெட்டி கட்டுகிற சிவப்பு ரிப்பனை எடுத்து வந்தார். ஒரு நுனியை முழங்கையில் வைத்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு நடுவிரல் நுனி வரைக்கும் ஓட்டி, அங்கே நகத்தால் ஒரு மடிப்புப் போட்டார். ரிப்பன் தோலில் பட்டதும் மாஸ்டரின் விரல்கள் ஒருமுறை சுருங்கி விரிந்தன. அவ்வளவுதான், சின்னவருடைய தோள் தானாக உயர்ந்து காதை மூடிக்கொண்டது. வயது ஐம்பத்து மூன்று, தலையில் பாதி நரை. ஆனாலும் உடம்பு சொன்னபடி கேட்கவில்லை.

ரிப்பனைச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு பட்டறைக்குப் போனார்.

பட்டறை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. தெருவைப் பார்த்த முன்னறையில் கண்ணாடி அலமாரி. நடு அறையில் நீள மேசை. அதன் மேல் இலை நறுக்கும் அரைவட்டக் கத்தி, பசைக் கிண்ணம், சுருட்டுகளை வைத்து அழுத்துவதற்குப் பள்ளம் வெட்டிய அச்சுப் பலகைகள். ஒவ்வொரு பலகையும் கனத்த மரம், ஒரு கையால் தூக்கினால் மணிக்கட்டு இறங்கும். பின்னறையில் நாலு தோல் நாற்காலிகள், ஒரு ஜன்னல். அங்கே ஞாயிறு தவறாமல் வந்து உட்காருகிறவர்களுக்குச் சுருட்டு என்றால் உயிர். குடிப்பதைவிட அதைப் பற்றிப் பேசுவதில்தான் அவர்களுக்கு ருசி அதிகம்.

மாஸ்டர் பள்ளிக்கூடத்தில் முப்பத்தைந்து வருஷம் டிரில் மாஸ்டராக இருந்தவர். அந்தத் தெருவில் நாற்பது வயதைத் தாண்டிய ஆண்களின் கன்னத்துக்கெல்லாம் அவர் கை பழக்கம். அப்பா இறந்தபோது அண்ணனுக்கு இருபத்தொன்று, தம்பிக்குப் பத்து. தம்பியைப் படிக்க வைத்தார், தொழில் பழக அனுப்பினார், கல்யாணம் செய்துவைத்தார். "பெத்த அப்பன்கூட இப்படி வளர்த்திருக்க மாட்டான்" என்று எல்லோரும் சொல்வார்கள். சின்னவரும் தலையாட்டுவார். அதில் பொய் ஒன்றும் இல்லையே.

அந்தச் சுருட்டைச் செய்ய ஆறு வாரம் பிடித்தது. ஒரு முழ நீளம், குழந்தையின் மணிக்கட்டுப் பருமன். முதலில் செய்தது காயும்போதே வெடித்தது. இரண்டாவது, கொளுத்தியதும் ஒரு பக்கமாக எரிந்து ஓடியது. மூன்றாவதுக்கு உள்ளிலைகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து, காற்றுப் போக வழி விட்டு மடித்து, மேலிலையை ஒட்டுத் தெரியாமல் சுற்றி முடித்தார். சுருட்டைச் சுற்றி ஒட்டும் பட்டைக் காகிதத்தில் பெயர் எழுதுவது அவர் மனைவியின் வேலை. அவளுக்கு அச்சுப் போட்ட மாதிரி எழுத்து.

"இந்தப் பேரையா எழுதச் சொல்றீங்க?" என்று அவள் பேனாவை மூடி வைத்துவிட்டாள்.

"ஆமா."

"மனசுல இருக்கிறதை நேரா சொல்லிட்டுப் போங்களேன். எதுக்கு அதைச் சுருட்டுல சுத்தி நீட்டறீங்க?"

"வாய்ல வரலையே" என்றார் சின்னவர்.

அவள் பேனாவைத் திறந்து, "அண்ணன் கை" என்று எழுதினாள்.

அடுத்த ஞாயிறு மரப்பெட்டியின் மூடியைத் திறந்தபோது, பின்னறையில் இருந்த மூன்று பேரும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்கள். மாஸ்டர் இன்னும் வரவில்லை.

"யோவ், இது சுருட்டா, உலக்கையா?" என்றார் மீசை. மீசை பஸ் ஓட்டுகிறவர். பள்ளிக்கூடத்தில் மாஸ்டரிடம் படித்தவர், அதாவது அடி வாங்கியவர்.

பல் டாக்டர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, சுருட்டை நுனி முதல் அடி வரை முகர்ந்தார். "மேலிலையில ஒரு நரம்புகூடப் புடைக்கல. வேலைன்னா இது வேலை. ஆனா இவ்வளவு பருமனா இருந்தா நடுவுல பத்துமா? பாதியில அணைஞ்சு மானத்தை வாங்கிடும்."

"அது பத்துறது இருக்கட்டும். முதல்ல வாய்க்குள்ள போகணுமே" என்றாள் நர்ஸம்மா. நாற்பது வருஷம் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுவிட்டு ஓய்வு பெற்றவள். அந்த அறையில் சுருட்டை அவள் அளவுக்கு அனுபவித்துக் குடிக்கிறவர் யாருமில்லை. "டாக்டர், நீங்க தினம் ஊரை வாயைத் திற, வாயைத் திறன்னு படுத்தறீங்க இல்ல? இன்னிக்கு உங்க முறை."

"குடிச்சு முடிக்க எவ்வளவு நேரமாகும்?"

"அவசரப்படாம இழுத்தா மூணு மணி நேரம்" என்றார் சின்னவர்.

"மூணு மணி நேரமா! அதுக்குள்ள என் பொண்டாட்டி வேற ஆளைப் பார்த்துடுவா" என்று மீசை சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அப்போதுதான் டாக்டர் பட்டையைப் படித்தார்.

"அண்ணன் கை? இதென்ன பேரு? பேரைக் கேட்டா ருசி தெரியணும். மிளகு, மரவாசம், கருகின சர்க்கரைன்னு ஏதாவது சொன்னா புரியும். இதுல அண்ணன் எங்கிருந்து வந்தான்?"

"சம்பந்தின்னு வைங்க" என்றார் மீசை. "வந்து உக்காந்தா லேசுல எந்திரிக்காது."

"சும்மா இருய்யா. ஆபத்துல பிடிச்சுத் தூக்கிவிடற கைன்னு அர்த்தம்" என்றாள் நர்ஸம்மா. "நல்ல பேருதான்."

"நல்ல பேருங்கறதுதாம்மா தொந்தரவே. பேருல சொந்தபந்தம் வந்துட்டா அப்புறம் குறை சொல்ல முடியுமா? அண்ணன் கை கசக்குது, அண்ணன் கை நாறுதுன்னு மாஸ்டர் எதிர்ல சொன்னா உதைதான் விழும்."

"தம்பி உடையான் படைக்கு அஞ்சான்னு அண்ணனுக்கு ஒரு பழமொழி இருக்கு. மாஸ்டர் பங்குக்கு இப்ப சுருட்டும் வந்தாச்சு" என்றார் மீசை. "குடுத்து வெச்ச மனுஷன்."

சின்னவர் நுனி வெட்டும் கத்திரியைத் துணியால் துடைத்துக்கொண்டே நின்றார். அது எப்போதோ சுத்தமாகிவிட்டிருந்தது.

மாஸ்டர் வந்தார். அறுபத்து நாலு வயதிலும் நிமிர்ந்த மார்பு, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. மீசை தன்னை அறியாமல் எழுந்து ஓரமாக நின்றுகொண்டார். பெட்டியைப் பார்த்ததும் மாஸ்டருக்குப் புரிந்துவிட்டது. சட்டைக் கையை மடித்துவிட்டு, சுருட்டின் பக்கத்தில் தன் முன்கையை மேசை மேல் நீட்டினார். முழங்கையிலிருந்து நடுவிரல் வரை, மயிரிழை பிசகவில்லை.

"அட, என் கையேதான்!" என்றார். குரல் தழுதழுத்தது. "டேய், எப்படா அளந்தே?"

கண்ணில் தண்ணீர் நின்றது. சின்னவர் அதை எதிர்பார்க்கவில்லை. அண்ணன் கண் கலங்கி அவர் பார்த்ததே இல்லை. பேசாமல் இருந்துவிடலாமா என்று அந்தக் கணத்தில் தோன்றியது. இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

மாஸ்டர் பெரிய நாற்காலியில் உட்கார்ந்து கொளுத்தினார். நடுவிலும் பத்தியது. புகை கனமாக, வெண்மையாக எழுந்து ஜன்னல் வெளிச்சத்தில் நின்றது. டாக்டரும் தன் சந்தேகத்தை வாபஸ் வாங்கிக்கொண்டார். அரை மணி நேரம் போனது. பிறகு டாக்டர்தான் ஆரம்பித்தார்.

"பேரு வந்த கதையைச் செஞ்சவர் வாயால கேக்கணும். சொல்லுங்க சின்னவரே, ரெண்டு வார்த்தை."

"ரெண்டு வார்த்தையில அடங்காது" என்றார் சின்னவர். "இந்தக் கையோட நீளம், ரிப்பன் வைக்கிறதுக்கு முந்தியே எனக்குத் தெரியும். என் முதுகுக்குத் தெரியும். கன்னத்துக்குத் தெரியும். இருட்டுல விட்டாலும் எந்த விரல் எங்க விழும்னு சொல்லுவேன்."

மீசை தொடையைத் தட்டிச் சிரித்தார். "அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்னு சொல்லுவாங்க. இங்க அண்ணனே அடியா உதவியிருக்கார்!"

அறையே சிரித்தது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் மாஸ்டர். "எங்கிட்ட வாங்காதவன் இந்தத் தெருவுல எவன்டா இருக்கான்? வாங்கினவனெல்லாம் இன்னிக்கு மனுஷனா நடமாடறான்."

"நான் வாங்கினதுல பாதி இன்னும் இங்கயே இருக்கு மாஸ்டர்" என்று மீசை தன் இடுப்புக்குக் கீழே தட்டிக் காட்டினார்.

சின்னவர் சிரிப்பு அடங்கட்டும் என்று காத்திருந்தார்.

"எனக்கு இடது பக்கம் கேக்காது. அதனால உங்க சிரிப்புல பாதிதான் எனக்கு வந்துச்சு."

"அது சின்ன வயசுல ஜுரத்துல போன காதுதானே?" என்றார் டாக்டர்.

"ஜுரமில்ல டாக்டர். எனக்குப் பதினாலு வயசு. அண்ணனோட விசிலைத் தொலைச்சுட்டேன். விசிலுக்காக ஒரு அடி. அழுததுக்காக மீதி. சுவத்தோட சேர்த்துப் பிடிச்சுக்கிட்டு, ஒரே இடத்துல, ஒரே காதுல. அழுகையை நிறுத்தினா நிறுத்தறேன்னார். எப்படி நிறுத்தறதுன்னு எனக்குத் தெரியல."

நர்ஸம்மா தன் சுருட்டைச் சாம்பல் தட்டில் வைத்தாள்.

"அன்னிக்கு ஆஸ்பத்திரியில எங்கிட்ட சைக்கிள்ல இருந்து விழுந்துட்டேன்னு சொன்னே" என்றாள் மெதுவாக. "காதுல இருந்து ரத்தம் கழுத்து வரைக்கும் வழிஞ்சிருந்தது. நான்தான் பஞ்சு வெச்சேன். விழுந்தவனுக்கு முழங்கால்ல ஒரு சிராய்ப்புகூட இல்லையேன்னு அன்னிக்கே நினைச்சேன். வாயைத் திறந்து கேக்கல, பாவி."

"கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். கதவுக்கு வெளியே அண்ணன் நின்னுக்கிட்டிருந்தார்."

"டேய், போதும்" என்றார் மாஸ்டர்.

அது விளையாட்டு மைதானத்துக் குரல். நூறு பேரை ஒரே சொல்லில் நிறுத்துகிற குரல். ஆனால் முப்பத்தொன்பது வருஷம் அடைபட்டிருந்தது உடைத்துக்கொண்டுவிட்டது, அவராலேயே அதைத் தடுக்க முடியவில்லை.

"என்னோட முடிஞ்சிருந்தா பரவாயில்ல. அண்ணி கொதிக்கிற வெயில்லயும் எதுக்கு முழுக்கைச் சட்டை போட்டுக்கிட்டுத் திரியறாங்க? கேளுங்களேன் இவரை."

மாஸ்டர் எழுந்ததை யாரும் பார்க்கவில்லை. அடி விழுந்த சத்தத்தைத்தான் கேட்டார்கள். விரிந்த உள்ளங்கை, அதே இடது பக்கம். சின்னவரின் மூக்குக்கண்ணாடி பறந்து ஜன்னலில் மோதியது. அவர் கதவு நிலையைப் பிடிக்கப் பார்த்து, பிடி கிடைக்காமல், நடு அறை மேசை மேல் முதுகு அடிபட விழுந்தார். மாஸ்டர் பின்னாலேயே வந்து சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்து, திருப்பி, முகத்தை மேசைப் பலகையில் மோதினார். ஒருமுறை. இன்னொருமுறை. மூக்கிலிருந்து ரத்தம் இலைக்கட்டின் மேல் கொட்டியது.

"சோறு போட்ட கையைச் சந்திக்கா இழுக்கறே? சோறு போட்ட கையையா?"

மீசை வாசற்படியில் நின்று, "மாஸ்டர்... மாஸ்டர்..." என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். ஐம்பது வயது ஆள், அரசாங்க பஸ்ஸை ஒற்றைக் கையால் திருப்புகிறவர், இரண்டு கையையும் பக்கவாட்டில் ஒட்டவைத்துக்கொண்டு வரிசையில் நிற்கிற மாணவனைப் போல நின்றார். டாக்டர் நாற்காலிக்குப் பின்னால் ஒதுங்கிவிட்டார். "விடுய்யா அவனை! செத்துடுவான்யா!" என்று கத்தியது நர்ஸம்மா ஒருத்திதான். கத்தியபடியே மாஸ்டரின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவர் முழங்கையால் ஒரு தள்ளுத் தள்ள, அலமாரியில் போய் இடித்து உட்கார்ந்துவிட்டாள்.

மாஸ்டரின் மறு கையில் அந்தச் சுருட்டு இன்னும் எரிந்துகொண்டுதான் இருந்தது. அதன் நெருப்பு முனையை அவர் தம்பியின் பின்னங்கழுத்தில் வைத்து அழுத்தினார். சதை பொரியும் சத்தம் வந்தது. சின்னவர் அலறிய அலறல் தனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

அவர் கை மேசையில் தடவியது. முதலில் அகப்பட்டது அரைவட்டக் கத்தி. குளிர்ந்த இரும்பு விரலில் பட்டதுமே அது என்ன என்று தெரிந்தது. விட்டுவிட்டார். அடுத்து அச்சுப் பலகை. அதைப் பிடித்துக்கொண்டு, தோளுக்கு மேலாக, பார்க்காமல் பின்னால் வீசினார்.

பலகை மாஸ்டரின் வாயில் விழுந்தது. பிடி தளர்ந்தது. சின்னவர் திரும்பி நின்றபோது அண்ணன் உதட்டிலிருந்து ரத்தத்தோடு ஒரு பல்லைத் துப்பிக்கொண்டிருந்தார். துப்பிவிட்டு மறுபடி கையை ஓங்கினார். அந்தக் கையின் மேல் சின்னவர் இரண்டாவது அடியை இறக்கினார். விறகு முறிகிற சத்தம். மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் நடுவில், மடங்கக் கூடாத இடத்தில் கை மடங்கியது. மாஸ்டர் முட்டி போட்டு உட்கார்ந்தார். மூன்றாவது அடி அதே கையில் விழுந்தது.

"வேணாம்டா" என்றார் மாஸ்டர். கீழே கிடந்தபடி, உடைந்த கையை மார்போடு அணைத்துக்கொண்டு, மற்ற கையை நீட்டினார். "டேய், வேணாம்டா. போதும்டா."

சின்னவர் நின்றார். மூச்சு வாங்கியது. அண்ணனின் முகத்தைப் பார்த்தார். உச்சந்தலையில் வழுக்கை வியர்த்திருந்தது. வெள்ளைச் சட்டை சிவப்பாகியிருந்தது. இப்போது யாரும் தன்னை அடிக்கவில்லை, இனி அடிக்கப் போவதும் இல்லை. அது அவருக்கு நன்றாகத் தெரிந்தது. தெரிந்தே பலகையை உயர்த்தி நாலாவது அடியைத் தோளில் அடித்தார்.

மாடியிலிருந்து ஓடிவந்த மனைவிதான் பலகையை அவர் கையிலிருந்து பிடுங்கினாள். அதற்கு விரல்களை ஒவ்வொன்றாக விலக்க வேண்டியிருந்தது. நர்ஸம்மா தவழ்ந்து வந்து, இரண்டு சுருட்டுப் பெட்டிகளின் மூடியை வைத்து, சிவப்பு ரிப்பனால் மாஸ்டரின் கையைக் கட்டினாள். மீசை சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். ஏன் அழுகிறார் என்று யாரும் கேட்கவில்லை.

போலீஸ் வந்தது. யார் முதலில் கை நீட்டினார்கள் என்று கேட்டபோது டாக்டர், "எல்லாம் ஒரே நேரத்துல நடந்துடுச்சுங்க" என்றார். மீசைதான் எழுந்து நின்று, "மாஸ்டர்தான் முதல்ல அடிச்சாரு. அவரு எப்பவும் முதல்ல அடிப்பாரு" என்றார். சின்னவர் எதையும் மறைக்கவில்லை. நாலாவது அடியைக்கூடச் சொன்னார். "அது எதுக்கு?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டதற்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இரண்டு நாள் உள்ளே வைத்துவிட்டு ஜாமீனில் விட்டார்கள்.

வெளியே வந்த மறுநாள் காலை அண்ணி கடைக்கு வந்தாள். கையில் ஒரு துணிப்பை. முழுக்கைச் சட்டை. காறித் துப்பப் போகிறாள் என்று நினைத்துச் சின்னவர் எழுந்து நின்றார். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"தம்பி, உங்களை யாரு கேட்டா? என் கையைப் பத்திப் பேச உங்களை யாரு கேட்டா?"

"தப்புதான் அண்ணி."

"நான் முப்பத்தெட்டு வருஷம் மூடி வெச்சது. பால்காரன் வரைக்கும் இப்ப என் கையைத்தான் பார்க்கிறான்." அவள் நிறுத்தி மூச்சு விட்டாள். "சரி, அடிச்சீங்க. கையை உடைச்சீங்க. அதனால எனக்கு என்ன ஆச்சுன்னு தெரியுமா? அவருக்கு ஊட்டறது நான். குளிப்பாட்டறது நான். சட்டை மாட்டறது நான். வலிச்சா காலால உதைக்கிறார். நேத்து வயித்துல உதைச்சார். நீங்க உடைச்சது ஒரு கைதான் தம்பி. அவருக்கு இன்னும் மூணு இருக்கு."

சின்னவர் தலை குனிந்து நின்றார். நாலு நாளாக உள்ளுக்குள் எங்கோ ஒரு மூலையில் பெருமை மாதிரி ஒன்று இருந்தது. அது அப்போது செத்தது.

அண்ணி பைக்குள்ளிருந்து சாவியை எடுத்து மேசை மேல் வைத்தாள். "நான் பொண்ணு வீட்டுக்குப் போறேன். உடைச்சவரே பார்த்துக்கட்டும்."

"எப்ப வருவீங்க அண்ணி?"

"தெரியல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அன்று மதியமே சின்னவர் அண்ணன் வீட்டுக் கதவைத் திறந்தார். மாஸ்டர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வலது கை தோள் வரை மாவுக்கட்டு. வாய் வீங்கியிருந்தது. தம்பியைப் பார்த்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். சின்னவர் பாலைச் சூடாக்கி, ரொட்டியை நனைத்து, கிண்ணத்தோடு முன்னால் போய் உட்கார்ந்தார். ஒரு வாய் வாங்கினார் மாஸ்டர். இரண்டாவது வாயைத் தம்பியின் முகத்தில் துப்பினார். இடது கையால் தண்ணீர்க் கிளாஸை எடுத்து வீசினார். அது சின்னவரின் புருவத்தில் பட்டு உடைந்தது.

ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. சின்னவரின் வலது கை எழுந்தது. தோள் உயரத்துக்கு எழுந்து, விரல் மடங்கி, நின்றது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். மாஸ்டரின் கண்கள் தாமாக மூடிக்கொண்டன.

சின்னவர் சமையலறைக்குப் போனார். பாத்திரம் கழுவும் தொட்டியின் விளிம்பை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார். எவ்வளவு நேரம் நின்றார் என்று அவருக்கே தெரியாது. புருவத்தில் ஒரு துணியை வைத்துக் கட்டிக்கொண்டு, வேறு ரொட்டி நனைத்து எடுத்து வந்தார்.

"அண்ணே, இன்னொரு தடவை எறிஞ்சீங்கன்னா நான் அடிக்க மாட்டேன். எந்திரிச்சுப் போயிடுவேன். போனா இந்த வீட்டுக்கு வர்றதுக்கு வேற ஆளு கிடையாது. யோசிச்சுக்குங்க."

மாஸ்டர் ரொட்டிக்கு வாயைத் திறந்தார்.

ஒன்றரை மாதம் அப்படிப் போனது. காலையும் மாலையும் சின்னவர் வருவார், ஊட்டுவார், முதுகு தேய்த்துவிடுவார், படுக்கையைத் தட்டிப் போடுவார். பேச்சு கிடையாது. ஒருமுறை வலியில் மாஸ்டர் காலைத் தூக்கினார். சின்னவர் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு வாசல் வரை போனார். "வாடா" என்றார் மாஸ்டர். அதற்குப் பிறகு கால் எழவில்லை. திருந்திவிட்டார் என்று சொல்ல முடியாது. ஆள் இல்லாமல் போய்விடும் என்ற பயம்தான் அது, இருவருக்கும் தெரியும்.

ஐந்தாவது வாரத்தில் ஒரு காலை, முகம் மழித்துக்கொண்டிருந்தபோது மாஸ்டர் திடீரென்று கேட்டார்.

"நான் வேணாம்னு சொன்னேன் இல்ல? அதுக்கப்புறமும் ஏண்டா அடிச்சே?"

சின்னவர் சவரக் கத்தியைத் தண்ணீரில் அலசினார். இன்ஸ்பெக்டருக்குச் சொல்ல முடியாத பதில் இப்போது இருந்தது.

"அடிக்கணும்னு இருந்துச்சு அண்ணே. கோபம்கூட இல்ல. கை ஓங்கியிருந்துச்சு, எதிர்ல ஆளு கிடந்துச்சு. நல்லா இருந்துச்சு."

மாஸ்டர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாதி மழித்த முகத்தில் நுரை காய்ந்துகொண்டிருந்தது.

"எனக்கும் அப்படித்தான் இருக்கும்" என்றார். "உன்னை ஒழுங்குபடுத்தத்தான் அடிக்கிறேன்னு நினைச்சுக்குவேன். முதல் அடி அதுக்குத்தான். மத்ததெல்லாம்..."

முடிக்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. சின்னவரும் அதை எதிர்பார்க்கவில்லை. மீதி முகத்தை மழித்துத் துடைத்துவிட்டார்.

மாவுக்கட்டைப் பிரித்தபோது கை நேராகவில்லை. முழுதாக நீட்டவும் வராது, ஓங்கவும் வராது என்று ஆஸ்பத்திரி டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். மாஸ்டர் இடது கையால் சாப்பிடப் பழகிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை கடைக்கு அவர் வருவதில்லை. நர்ஸம்மா வருகிறாள். மீசை ஒரு மாதம் கழித்து வந்தார், வந்து அதே மூலையில் உட்கார்ந்து, பேச்சுக் குறைந்தவராகப் புகைத்துவிட்டுப் போனார். பல் டாக்டர் வேறு கடைக்கு மாறிவிட்டார்.

ஒரு நாள் மாஸ்டர் கேட்டார்: "உங்க அண்ணிகிட்ட போய், நான் வரச் சொன்னேன்னு சொல்றியா?"

"மாட்டேன் அண்ணே" என்றார் சின்னவர்.

"நான் கூப்பிட்டா வர மாட்டாடா."

"தெரியும். அவங்க அங்கே நல்லாத் தூங்கறாங்களாம். பொண்ணு சொன்னா."

மாஸ்டர் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு இடது கையால் ரொட்டியைப் பிய்த்தார். சின்னவர் அடுப்பில் பால் பொங்குகிறதா என்று பார்க்க உள்ளே போனார்.